உவர் நீரை அளந்த மாணவியும் தேசிய ஆராய்ச்சிக் கொள்கையும்: உங்கள் கருத்து என்ன?

கேள்வி: படுவான்கரை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பித்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விடயத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் தகப்பனாருக்கு வாவியோரமாக இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. மழை குறைந்த சிறுபோகத்தில் வாய்க்கால் நீர் குறையும்போது அந்த வட்டையின் (வயல்வெளியின்) கீழ்ப்பக்கத்தில் உவர் ஏறுகிறது. இலை நுனி வெளுத்துக் கருகி, பயிர் குட்டையாகவே நின்றுவிடுகிறது. நீரில் உப்புக் கூடக்கூட அது மின்னைக் கடத்தும் திறனும் கூடும் என்றும், நெற்பயிர் தாங்கக்கூடிய உவர்த்தன்மை, மண் சாற்றின் மின்கடத்துதிறனில் மீற்றருக்கு ஏறத்தாழ 3 டெசிசீமென்ஸ் என்றும், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகமாக விழும் என்றும் பாடநூலுக்கு வெளியே தேடிப் படித்த அந்தப் பிள்ளை, அதை வயலிலேயே அளப்பதற்கு ஒரு கருவியைச் செய்தாள். துருப்பிடிக்காத இரண்டு சைக்கிள் கம்பிகள், ஒரு துண்டு பிவிசி குழாய், ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, ஒரு சிறிய திரை. முதலில் நேரோட்டம் கொடுத்தபோது கம்பியில் குமிழி கட்டி, வாசிப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. ஓட்டத்தின் திசையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் குமிழி கட்டாது என்பதை மூன்று வாரம் உட்கார்ந்து அவளே கண்டுபிடித்தாள். அந்த மூன்று வாரமும் நான் பக்கத்தில் இருந்தேன். ஆசிரியத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி அதுதான்.

போட்டி ஒன்றில் பதக்கம் கிடைத்தது. அத்துடன் கதை நின்றுவிட்டது. வாசிப்பைச் சரிபார்க்க நியமக் கரைசல், அதாவது கடத்துதிறன் முன்கூட்டியே துல்லியமாகத் தெரிந்த கரைசல், வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் தெரிந்த ஒருவரின் தயவால் ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொண்டோம். பத்துக் கருவி செய்து பத்து வட்டைகளில் ஒரு போகம் முழுவதும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் எழுதிய விண்ணப்பத்தை, 'இது பாடசாலைக்குரியது' என்று ஓர் அலுவலகமும், 'இது விவசாயத்துக்குரியது' என்று இன்னோர் அலுவலகமும் திருப்பிவிட்டன. சான்றிதழ் அதிபரின் அறைச் சுவரில் தொங்குகிறது. கருவி என் மேசை இலாச்சியில் கிடக்கிறது.

நம் நாட்டில் இதற்கெனச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. கண்டுபிடிப்பாளரை ஊக்குவிக்கும் சட்டம் 1979ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. விஞ்ஞான தொழினுட்ப அபிவிருத்திச் சட்டம் 1994இல் வந்தது. தேசிய புத்தாக்க முகவரகத்துக்கான சட்டம் 2019இல் நிறைவேறியது. இவ்வளவும் இருந்தும், வயலோரத்தில் பிறந்த ஒரு கேள்வி ஆய்வாக வளர்ந்து, ஆய்வு ஒரு பொருளாகி, அந்தப் பொருள் மறுபடி வயலுக்கு வந்து சேரும் பாதை ஏன் இடையில் அறுந்து போகிறது? தேசியக் கொள்கையில் முதலாவதாக எதை எழுத வேண்டும் என்று உங்களிடம் கேட்டால் எதைச் சொல்வீர்கள்? 'நிதியைக் கூட்டுங்கள்' என்பது மட்டும் போதுமான பதிலா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: சம்மாந்துறை, ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர்

ஆசிரியர் தம்பிக்கும் ஏனையோருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

அந்தப் பிள்ளையின் கருவியைப் பற்றி வாசித்தபோது மனம் நிறைந்தது. முப்பது வருடம் வட்டை வட்டையாகத் திரிந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கொள்கையில் முதலாவதாக எழுத வேண்டிய சொல் காலம். பணத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.

நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தில் முருங்கக்காயன் 302 என்ற நம் நாட்டு இனத்தையும் 'மாஸ்' என்ற இந்தோனேசிய இனத்தையும் கலந்து உருவாக்கிய எச்4, 1958இல் வெளிவந்தது. இந்தப் பகுதியில் என் வாப்பா காலத்துக் கமக்காரர் அந்தப் பெயரை மரியாதையோடுதான் சொல்வார்கள். ஓர் இனத்தை முதலில் கலப்பதிலிருந்து கமக்காரன் கையில் விதையாகக் கொடுப்பது வரை பத்து வருடம் வரை எடுக்கும். தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்ய வேண்டும். பல மாவட்டங்களில் பயிரிட்டுப் பார்க்க வேண்டும். அறக்கொட்டியான் பூச்சிக்கு நிற்குமா, உவருக்கு நிற்குமா, சாய்ந்து விழுமா என்று போகம் போகமாகக் கவனிக்க வேண்டும். உவருக்கு ஓரளவு தாங்கும் ஏ.ரி. 354 (At 354) நெல்லினம், உவர் நிலத்துக்கே பேர்போன பொக்காளி நெல்லின் வழிவந்தது. இப்படிப்பட்ட வேலையை ஒவ்வொரு வருடமும் திறைசேரியில் புதிதாகக் கையேந்தி நடத்த முடியாது. நடுவில் ஒரு வருடம் காசு நின்றால் ஒரு தலைமுறை விதை போய்விடும். விட்ட இடத்திலிருந்து தொடங்க நெல் காத்திருக்காது.

இரண்டாவது, நம் அம்பாறை மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இளம் ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம். கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்கள் எழுபதுகளின் இறுதியில் பாழ்பட்டுக் கிடந்தன. தலைமடையில் உள்ளவர்களுக்குத் தண்ணீர் மிஞ்சியது. கடைமடையில் இருந்த தமிழ் பேசும் கமக்காரருக்கு வயல் வெடித்தது. 1980இலிருந்து கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே ஓர் ஆய்வை நடத்தின. இளம் பட்டதாரிகளை வாய்க்கால் வாய்க்காலாகக் குடியிருத்தி, ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பதினைந்து குடும்பங்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, அவர்களாகவே வாய்க்காலைத் துப்புரவு செய்து முறை வைத்துத் தண்ணீர் விடும்படி செய்தார்கள். குளத்தில் நீர் குறைந்திருந்த 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத்திலேயே தலைமடைக் கமக்காரர் மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே அனுப்பினார்கள். மேலே சிங்களவர், கீழே தமிழர், முஸ்லிம்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், நாடு இருந்த நிலையில், அது சின்ன விடயமா?

இந்த ஆய்வு ஒரு நூலகத்தில் போய்ப் படுத்துவிடவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன். 1988இல் அரசாங்கம் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் கமக்காரர் பங்கேற்பை நாட்டின் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு நாங்கள் சாதாரணமாகப் பேசும் கமக்காரர் அமைப்பு, போக ஆரம்பக் கூட்டம், முறைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அந்த இடதுகரையில் நடந்த வேலையின் பங்கு இருக்கிறது. ஆய்வாளர் வாய்க்காலோரத்தில் தங்கியிருந்தார், கமக்காரர் ஆய்வின் பங்காளியாக இருந்தார், நீர்ப்பாசன அதிகாரிகள் தொடக்கத்திலிருந்தே கூட இருந்தார்கள். இந்த மூன்று பேரும் ஒரே வரம்பில் நின்றதால்தான் ஆய்வு கொள்கையாக மாறியது.

இதற்கு எதிர்மாறானதையும் நாம் கண்டோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. நாட்டின் விவசாய விஞ்ஞானிகள் எழுத்திலேயே எச்சரித்தார்கள். கேட்கப்படவில்லை. நவம்பரில் தடை கைவிடப்பட்டபோது பெரும்போகம் தொடங்கியாயிற்று. பச்சையாக நிற்க வேண்டிய மார்கழி மாதத்தில் எங்கள் வட்டைகள் மஞ்சளாக நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்ற வாதம் வேறு. எந்த மண்ணுக்கு, எந்த இனத்துக்கு, எத்தனை வருடத்தில் படிப்படியாக மாறலாம் என்று நம் சொந்த ஆராய்ச்சி நிலையங்களிடம் கேட்காமல் ஒரு தேசியக் கொள்கை வெளிவந்தது என்பதுதான் என் கவலை. ஆராய்ச்சிக்குக் கொள்கை துணை நிற்பது என்றால், கொள்கை வகுப்பவர் ஆராய்ச்சியிடம் கேட்டு நடப்பதும் அதில் அடங்கும்.

அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள் தம்பி, என்னிடம் பதினேழு குறிப்பேடுகள் இருக்கின்றன. எந்த வட்டையில் எந்த வருடம் உவர் ஏறியது என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை.

பதில் 2: வாவிக்கரை விரிவுரையாளர்

மதிப்புக்குரிய சம்மாந்துறை ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் குறிப்பேடுகளைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள் ஐயா; நான் நேரில் வந்து பார்க்க விரும்புகிறேன்.

ஆயினும் பணத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இலங்கை ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் செலவிடும் தொகை, பல ஆண்டுகளாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டியே கிடக்கிறது. உலக சராசரி 2 சதவீதத்தை நெருங்குகிறது. தென்கொரியா 5 சதவீதத்தை எட்டிப் பிடித்திருக்கிறது. 2011 முதல் 2015 வரைக்குமான நம் தேசிய மூலோபாயம் இதைவிடப் பல மடங்கு கூடிய வீதத்தை இலக்காக வைத்தது. இலக்கு எழுதப்பட்ட தாளோடு நின்றுவிட்டது. இவ்வளவு சிறிய தொகையை எவ்வளவு திறமையாகப் பங்கிட்டாலும், கொழும்புக்கும் பேராதனைக்கும் வெளியே உள்ள பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேர்வது துளிதான். 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும், அதற்குப் பத்தாண்டு பிந்தி ஒலுவிலில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும், யுத்தத்தாலும் 2004 சுனாமியாலும் இழந்த காலத்தை ஈடுசெய்யத் தனியாக ஒரு கணக்கு வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இருந்தாலும் ஐயா சொன்ன 'காலம்' என்ற சொல்லை நான் விட்டுவிடவில்லை. என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிதியத்திலிருந்து இரண்டு ஆண்டு ஆய்வுக்கு எனக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. நீரின் தரத்தைத் தொடர்ந்து பதிவு செய்யும் உணரி ஒன்று வாங்க வேண்டும். மூன்று விலைமனு, கொள்வனவுக் குழு, மறுபடி கேள்விப்பத்திரம், வெளிநாட்டுக் கம்பனி கொடுத்த விலையின் தவணை முடிதல், ரூபாயின் பெறுமதி இறங்கியதால் ஒதுக்கிய தொகை போதாமை என்று பதினாலு மாதம் போனது. உணரி வந்து சேர்ந்தபோது ஆய்வுக் காலத்தில் மிஞ்சியிருந்தது பத்து மாதம். அதற்குள் ஒரேயொரு மாரி காலம்தான் அகப்பட்டது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது, ஆழ்குளிரூட்டியில் வைத்திருந்த மீன் இழைய மாதிரிகள் எல்லாம் அழுகிப்போயின. அவற்றைச் சேர்க்க என் மாணவர் இருவர் எட்டு மாதம் தோணியில் போய் வந்தார்கள். அந்தப் பெட்டியைத் திறந்த அன்றைக்கு மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே கொள்கையில் நான் கேட்பது, சிறிதானாலும் நிற்காமல் வரும் பணமும், அதை ஆய்வின் வேகத்துக்குச் செலவழிக்கும் சுதந்திரமும். கட்டடம் கட்டுவதற்கான கொள்வனவு விதிகளையே ஒரு போத்தல் இரசாயனத்துக்கும் பிரயோகிப்பது ஆய்வைக் கொன்றுவிடும். தென்கொரியா 1966இல் தன் விஞ்ஞான தொழினுட்ப நிறுவனத்தைத் தொடங்கியபோது மிகவும் வறிய நாடாகவே இருந்தது. அப்படியிருந்தும் அந்த நிறுவனத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, அன்றாட நிர்வாகத்தில் தன்னாட்சி கொடுத்து, வெளிநாட்டில் இருந்த தன் விஞ்ஞானிகளை நல்ல சம்பளத்தோடு திரும்ப அழைத்தது. அந்த நாடு ஆராய்ச்சிக்குப் பெருந்தொகை செலவிடத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் பிந்தித்தான்.

நிற்காமல் வரும் பணத்துக்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் உருவானபோது, ஏற்றுமதியாகும் தேயிலை மீது அறவிடப்பட்ட சிறு வரியே அதன் உயிர்நாடியாக இருந்தது. எந்த அரசாங்கம் வந்தாலும் தேயிலை கப்பலேறும்வரை ஆராய்ச்சிக்குக் காசு வந்தது. தோட்டப் பயிர்களுக்குக் கிடைத்த இந்த ஏற்பாடு, நம் வாவி மீனுக்கும் இறாலுக்கும் கிடைக்கவில்லை. ஏற்றுமதியாகும் இறாலிலும் நண்டிலும் மிகச் சிறிய வீதம் ஒன்றை ஒதுக்கி, அது திறைசேரியின் பொதுக் கணக்கில் கரைந்துவிடாதபடி சட்டத்தால் காத்து, அந்தந்தக் கரையோர மாவட்டத்தின் ஆய்வுக்கே திருப்பிக் கொடுக்க முடியும்.

அப்படிக் கிடைத்தால் முதலில் என்ன செய்வேன்? ஆசிரியர் அவர்கள் உவரைப் பற்றி எழுதியதால் சொல்கிறேன். மாரி வெள்ளத்தில் படுவான்கரை வயல்கள் மூழ்கும் ஒவ்வொரு முறையும் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்து நிற்கும் மணல் திட்டை வெட்டுவதா விடுவதா என்ற கேள்வி எழுகிறது. வெட்டினால் வயலில் நின்ற நீர் வடியும், நெல் தப்பும். ஆனால் வாவி நீர் அவசரமாகக் கடலுக்குப் போய், மீனும் இறால் குஞ்சும் அதோடு போய், வாவியின் உவர்ச் சமநிலை மாறிவிடும் என்று மீனவர் சொல்கிறார்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. கூட்டம் நடக்கும், கண்ணீரோடு பேசுவார்கள், யாரோ ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த மேசையில் வாவியின் பத்து இடங்களில் நீர்மட்டமும் உவரும் மணிக்கு மணி எப்படி மாறின என்ற இருபது ஆண்டுப் பதிவு விரிக்கப்பட்டால், எந்த மட்டத்தில் எவ்வளவு அகலமாக எத்தனை நாளுக்கு வெட்டலாம் என்று பேசலாம். இப்போது 'வெட்டு', 'வெட்டாதே' என்ற இரண்டு சொற்களுக்கு நடுவில் எதுவும் இல்லை. இருபது ஆண்டு அளவிடுவதில் புதுமை எதுவும் இல்லாததால் ஆய்விதழ்கள் அதை விரும்பமாட்டா, பதவி உயர்வுக்கும் அது உதவாது. அப்படிப்பட்ட வேலையைத் தாங்குவதற்கே தேசியக் கொள்கை தேவைப்படுகிறது. நாலாயிரம் ஐயாயிரம் ரூபாவில் அடங்கும் அந்த மாணவியின் கருவி இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பதில் 3: மருதமுனைத் தறி

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கைத்தறி நெசவு செய்கிறது. இந்த உரையாடலில் தொழில் செய்பவர்கள் யாரும் பேசாததால் எழுதுகிறேன். பிழையிருந்தால் மன்னிக்கவும்.

'புத்தாக்கம்' என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாயம். ஒரு சாரனைக் கழுவும்போது சிவப்புக் கரைந்து வெள்ளைக் கரையில் ஏறிவிட்டால் அந்த வாடிக்கையாளர் ஆயுளுக்கும் திரும்பி வரமாட்டார். நான் இயற்கைச் சாயத்தில் சில கலவைகளைச் செய்து பார்த்தேன். ஒரு கலவை மிக நன்றாக வந்தது. ஏழு தரம் கழுவியும் நிறம் நின்றது. வெளிநாட்டில் வாங்குபவர் ஒருவர் ஆர்வமாகக் கேட்டார். ஆனால் நிறம் நிற்பதை உரிய முறையில் பரிசோதித்த அறிக்கை வேண்டும் என்றார். அதற்கு மாதிரியைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். இரவு பஸ்ஸில் போய், மாதிரியைக் கொடுத்து, மறுபடி போய் அறிக்கை எடுத்து, கட்டணமும் கட்டி, பிறகு கலவையைச் சிறிது மாற்றினால் முழுவதையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மூன்றாவது தரம் என்னால் முடியவில்லை. அந்தக் கலவையை எழுதிய துண்டு இன்னும் தறிப்பெட்டியில் இருக்கிறது.

எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டாம். ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது, சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அரை மணிநேரப் பயணம். அங்கே உள்ள கருவியை எங்களுக்கும் திறந்துவிட்டு, அது கொடுக்கும் அறிக்கையைச் சர்வதேச அளவில் ஏற்கத்தக்கதாக அங்கீகாரம் பெற்றுக் கொடுத்தால் போதும். உலக வங்கியின் கடனுதவியோடு 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டத்தின் கீழ்ப் பல்கலைக்கழகங்களில் தொழில்துறை இணைப்புப் பிரிவுகள் உருவானதை நான் அறிவேன். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வாசலுக்குள் நுழைய எங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

நெதர்லாந்து 2004இல் ஒரு வழி செய்தது. சிறு தொழில் செய்பவருக்கு 7,500 யூரோ பெறுமதியான பற்றுச்சீட்டைக் கொடுத்து, அதைப் பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சி நிறுவனத்திலோ தன் கேள்விக்கு விடை தேட மட்டும் செலவழிக்கலாம் என்றது. பற்றுச்சீட்டை வாங்கிய ஆய்வாளர் அரசாங்கத்திடம் கொடுத்துப் பணமாக்கிக்கொள்வார். ஆய்வாளரைத் தேடித் தொழிலாளி போகிறாள், வெறுங்கையோடு போகவில்லை. நம் நாட்டில் அது ஐம்பதாயிரம் ரூபாவாக இருந்தாலும் போதும். எங்கள் ஊரில் எத்தனை சாயக் கலவைகள் வெளியே வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று. சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் மலிவான முறை ஒன்று எங்களுக்கு மிக அவசரம். இதை வாசிக்கும் இரசாயனவியல் ஆய்வாளர் யாராவது இருந்தால் தயவுசெய்து இங்கே பதில் எழுதுங்கள்.

பதில் 4: அக்கரைப்பற்று வாசகர்

எல்லாரும் மனப்பூர்வமாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு தாதியாக வேலை செய்கிறேன். 2022இல் மருந்து இல்லாமல், ஒரு முறை பாவித்து எறிய வேண்டிய பொருட்களைக் கூடச் சிக்கனம் பிடித்த வாட்டில் நின்றவள். கடன் கட்ட முடியாமல் நின்ற ஒரு நாடு, இருபது வருடம் கழித்துப் பலன் தரும் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று அந்த வாட்டில் படுத்திருந்தவரிடம் எப்படிச் சொல்வது? இதை எதிர்ப்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்கிக்கொள்ள விரும்புகிறேன்.

பதில் 5: வாவிக்கரை விரிவுரையாளர்

சகோதரி, உங்கள் கேள்விக்கு மேலோட்டமாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. நோயாளியின் மருந்தை நிறுத்தி ஆய்வுக்குக் கொடு என்று யாரும் கேட்கக்கூடாது, நானும் கேட்கமாட்டேன்.

ஆனால் அந்த ஆண்டில் நாம் பட்ட துன்பத்தின் ஒரு பகுதி, முந்திய ஆண்டு ஆராய்ச்சியைக் கேட்காமல் எடுத்த முடிவிலிருந்து வந்தது. நெல் உற்பத்தி விழுந்ததால், இருந்த கொஞ்ச டொலரிலும் அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அந்த டொலர் மருந்துக்குப் போயிருக்க வேண்டியது. இன்னோர் உதாரணம்: 2018இல் சேனா படைப்புழு சோளத்தில் இறங்கியபோது முதலில் அடிபட்ட இடங்களுள் அம்பாறையும் ஒன்று. ஒரு புதிய பூச்சி வந்திறங்கும் நாளில் அதை இனங்காணத் தெரிந்த ஒருவர் மாவட்டத்தில் இருக்க வேண்டுமானால், அவருக்குப் பத்து ஆண்டு முன்னரே பயிற்சியும் சம்பளமும் கொடுத்திருக்க வேண்டும். பூச்சி வந்த பிறகு அவரைக் கடையில் வாங்க முடியாது. உங்கள் துறையிலும் அப்படித்தான் என்பதை நீங்களே என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

எந்த ஆய்வை இப்போது நிறுத்தி எதைத் தொடர்வது என்பதை நெருக்கடிக் காலத்தில் தீர்மானிக்கத்தான் வேண்டும். அந்தத் தெரிவை மேசையடியில் செய்யாமல், மாவட்டத்தில் உள்ளவர்களையும் உட்கார்த்தி வெளிப்படையாகச் செய்ய வேண்டும். நீங்கள் அப்படிப்பட்ட ஒரு குழுவில் இருக்க வேண்டியவர்.

பதில் 6: படுவான்கரை ஆசிரியர்

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. 'நிதியைக் கூட்டுங்கள் என்பது மட்டும் போதுமா' என்று கேட்டபோது, போதாது என்ற பதிலை நான் ஏற்கனவே மனதில் வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விரிவுரையாளர் அவர்கள் எழுதியதை வாசித்த பிறகு, பணத்தின் அளவைவிட அது வரும் ஒழுங்கும், கேள்வி எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று படுகிறது. மருதமுனைச் சகோதரியின் பற்றுச்சீட்டு அந்த இரண்டையும் ஒரே தாளில் கட்டுகிறது. அதை நான் இதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

நேற்று மாலை அந்த மாணவியின் வீட்டுக்குப் போய் இந்த உரையாடல் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். முகத்துவாரம் பற்றிய பகுதி வந்தபோது தகப்பனார் இடைமறித்து, 'வெட்டின வருசம் எங்கட வயல் தப்பினது. ஆனா மச்சானுக்கு அந்த முறை வலையில ஒண்டும் படேல்ல' என்றார். மச்சான் மீனவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

இலாச்சியில் கிடந்த கருவியை வெளியே எடுத்துவிட்டோம். மின்கலம் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. பாடசாலை விஞ்ஞானக் கழகத்துப் பிள்ளைகள் இன்னும் மூன்று கருவி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். வருகிற சிறுபோகத்தில் நான்கு வட்டைகளில், வாரத்தில் இரண்டு நாள், காலை ஏழு மணிக்கு அளந்து ஒரே படிவத்தில் எழுதுவதாகத் தீர்மானித்திருக்கிறோம். அந்தப் படிவத்தை விரிவுரையாளர் அவர்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தந்தால், பிற்காலத்தில் யாராவது அந்த எண்களை நம்பி எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக இருக்கும். நியமக் கரைசல் மாதத்தில் ஒரு தரம் தேவைப்படும். அதற்கு முறையான கோரிக்கைக் கடிதம் யாருக்கு எழுத வேண்டும் என்பதையும் அறியத் தாருங்கள்.

சம்மாந்துறை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் நான்கு வட்டைகளும் வாவியோரத்தில், உங்கள் குறிப்பேடுகளில் உள்ள இடங்களிலிருந்து தொலைவில் இருக்கலாம். ஆனாலும் உவர் ஏறிய வருடங்களையும் அந்த வருடங்களின் மழையையும் நீங்கள் எப்படி ஒழுங்குபடுத்தி எழுதினீர்கள் என்று பிள்ளைகள் பார்க்க ஆசைப்படுகிறார்கள். ஏதாவது ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுவீர்களா? சனிக்கிழமைகளில் நாங்கள் அனைவரும் பாடசாலையில்தான் இருப்போம். நேரில் வர முடியுமென்றால், கல்முனைக்கு வந்து நானே உங்களை அழைத்துப் போகிறேன்.